மீனுக்குள் வைத்த மாத்திரை

நவம்பர் 12, செவ்வாய்

என் நாய் மணியின் உடம்பு தன் ரத்தத்தையே எதிரியாக நினைத்து அழிக்கிறது. மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது என்றார் நாய் டாக்டர். ஐந்து நாளாகச் சங்கரா மீனுக்குள் வைத்துக் கொடுத்தேன். காலித் தட்டைப் பார்த்து என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டேன். இன்று கட்டிலுக்கடியில் பெருக்கினால், முட்களோடு ஐந்து மாத்திரைகள்.

பக்கத்து வீட்டில் மீன் விற்கும் லட்சுமியக்காவிடம் காட்டினேன்.

"இன்னா நைனா, காசிமேட்டுல பொறந்த நாயி. முள்ளையே பிரிச்சித் துப்பும், மாத்திரைய முழுங்குமா? களில வச்சிக் குடுத்தா எறங்கியிருக்கும்."

டாக்டருக்குப் போன் செய்தேன். திட்டவில்லை. காலையில் முதல் ஆளாக வரச் சொன்னார். திட்டியிருக்கலாம்.

மணியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன். போன வாரம் டாக்டர் போட்ட ஊசியில் தேறிச் சிவந்திருந்தது, இப்போது வெளுத்திருக்கிறது. டியூப்லைட்டைக் குறை சொல்லிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். டார்ச்சும் அதையேதான் சொல்கிறது.