வெள்ளாற்றில் படகு

ராத்தா,

இன்று காலை கவுனி அரிசி வேகவைத்தேன். அந்த மணம் கூடம் வரைக்கும் போயிருக்கிறது. மருமகள் பல் தேய்த்துக்கொண்டே அடுக்களைக்குள் எட்டிப் பார்த்து, “யாருக்கு அத்தை கல்யாணம்?” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே கேள்வியை உங்களிடம் நான் கேட்டபோது எனக்கு இருபத்துமூன்று வயது. எந்தக் கவிதையைக் கொடுத்தாலும் பிரித்து மேய்ந்துவிடுவேன் என்ற நினைப்பில் திரிந்த வயது.

நீங்கள் கண்மூடி இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

அறுபதுகளின் நடுவில் நான் திருமயத்தில் மாதர் சங்கங்களைக் கவனிக்கும் கிராம சேவிகா. நீங்கள் எங்கள் மாதர் சங்கத்துத் தையல் டீச்சர். பர்மாவில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, கணவரும் இரண்டு பையன்களுமாகக் கப்பலேறி வந்தவர்கள் நீங்கள். உங்கள் கணவருக்குச் சொந்த ஊர் இதுதான். நீங்களோ அங்கேயே பிறந்து, அங்கேயே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, முப்பது வயதில்தான் இந்த மண்ணை முதன்முதலாக மிதித்தீர்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் புத்திக்கு எட்டவில்லை. சங்கத்தில் எல்லோருமே உங்களை ‘ஊருக்குத் திரும்பி வந்தவர்’ என்றுதான் சொன்னோம்.

முதலில் டீச்சர் என்றுதான் கூப்பிட்டேன். உங்கள் தெருப் பெண்கள் அக்கா என்பதற்குப் பதில் ராத்தா, ராத்தா என்று உங்களைச் சுற்றி வருவதைக் கேட்டு எனக்கும் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

நம் கையெழுத்துப் பத்திரிகை நினைவிருக்கிறதா? மாதம் ஒன்று, அதுவும் ஒரே பிரதி. என் எழுத்து அழகு என்று சொல்லிச் சொல்லியே எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நீங்கள் பின்னால் எட்டு வெற்றுப் பக்கங்களைச் சேர்த்து மெஷினில் தைத்துத் தருவீர்கள். படிப்பவர்கள் மனதில் பட்டதை அங்கே எழுதலாம். அது வீடு வீடாகப் போய், மாதக் கடைசியில் எண்ணெய்க் கறையும் மஞ்சள் கறையுமாகத் திரும்பி வரும். படைப்புகளைப் போட ஒரு பழைய பிஸ்கட் டின் வைத்திருந்தோம். அந்த டின்னில்தான் ஒரு நாள் பெயரில்லாத கவிதை கிடந்தது. அடியில் ‘ஒரு சகோதரி’ என்று மட்டும் இருந்தது.

*காலையில் கறுப்புச் சோறு,*
*வாசலில் அகல ஆறு.*
*படகேறிப் பள்ளிக்குப் போனேன்,*
*பொன் கூம்பு கூடவே வந்தது.*
*இன்று திரும்பிப் பார்க்கிறேன்,*
*கூட யாரும் வரவில்லை.*

சும்மா விடுவேனா நான்? கவிதையைப் படி எடுத்துவிட்டு, அதற்கு அடுத்த இரண்டு பக்கத்துக்குத் திறனாய்வு எழுதினேன். கறுப்புச் சோறு என்றால் கவுனி அரிசி. கவுனி அரிசி நம் செட்டிநாட்டுப் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் போடுவது. ஆகவே கவிஞர் நம் ஊர்ப் பெண். பொன் கூம்பு என்பது கோயில் கலசம். ஆறு என்பது வெள்ளாறு. கணவரோடு ரங்கூனிலோ மலேயாவிலோ இருந்துகொண்டு, திருமயத்தை நினைத்து உருகுகிறார். கவிதையை ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்தனுப்பியிருக்கிறார். ‘வெள்ளாற்றில் படகு ஏது? ஏக்கம் வந்தால் மணலும் வெள்ளமாகிவிடுகிறது’ என்று ஒரு வரி எழுதினேன். அந்த வரியை எழுதிவிட்டு நானே எழுந்து போய்க் கண்ணாடியில் முகம் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. முடிவில், ‘இந்தச் சகோதரி விரைவில் தாய்மண் திரும்பட்டும், அன்றோடு அவர் துயரம் தீரும்’ என்று வாழ்த்து வேறு.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அதை உரக்க வாசித்தேன். படகு வரிக்குக் கைதட்டினார்கள். நீங்கள் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தீர்கள். தலையை நிமிர்த்திச் சிரித்தீர்கள். வெள்ளாற்றில் எப்போதாவது தண்ணீர் ஓடுமா என்று மட்டும் கேட்டீர்கள். ஐப்பசியில் நாலு நாள் ஓடும் என்றேன். மறுபடி மெஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு டின்னில் அந்தச் சகோதரியின் கவிதை விழவே இல்லை. இரண்டு மாதம் பார்த்தேன். என் வாழ்த்துப் பலித்து ஊர் திரும்பிவிட்டார் போலிருக்கிறது என்று சங்கத்தில் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

பிறகு ஒரு நாள் காலையில், பஞ்சாயத்து யூனியன் கூட்டத்துக்குத் துணிக் கணக்கு வாங்க உங்கள் வீட்டுக்கு வந்தேன். நல்ல மழை. நீங்கள் கறுப்பாக ஆவி பறக்கும் சோற்றைத் தட்டில் போட்டு, தேங்காய்ப் பூவும் வறுத்துப் பொடித்த எள்ளும் உப்பும் தூவி என் முன்னால் வைத்தீர்கள். நம் பந்திக் கவுனியில் போடும் சர்க்கரை இல்லை, நெய் இல்லை.

“யாருக்கு ராத்தா கல்யாணம்?”

“கல்யாணமா? எங்க ஊர்ல இது காலைப் பலகாரம். தெனமும் இதத் தின்னுட்டுத்தான் படகேறி அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போவோம்” என்றீர்கள்.

வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றுவிட்டது. *காலையில்* கறுப்புச் சோறு. கவிதையின் முதல் சொல்லே அதுதான். என் கையாலேயே அழகாகப் படி எடுத்த சொல். அதைத் தாண்டிக் குதித்துப் பந்தியில் போய் உட்கார்ந்தவள் நான். ஆறு ரங்கூன் ஆறு. கூம்பு அங்கே எந்தக் கரையிலிருந்தும் தெரியும் புத்தர் கோயில். எழுதிய சகோதரி எனக்கு எள்ளுப்பொடி தூவிக்கொண்டிருந்தார்.

“நீங்களா ராத்தா எழுதுனது?”

அடுப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னீர்கள். “எங்க வீட்டுக்காரவுக, மாமி, எல்லாரும் ஒண்ணுதான் சொல்றாங்க. சொந்த ஊருக்கு வந்தாச்சு, இன்னும் என்ன கொறைங்கிறாங்க. நீயும் அதத்தான எழுதுன. எல்லாரும் கையும் தட்டிட்டாங்க. சரி, நமக்கு ஏங்குறதுக்கு ஊரு கெடையாது போலன்னு விட்டுட்டேன்.”

கோபமில்லாமல் சொன்னீர்கள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. உங்களுக்கு இருந்த ஒரே ஊரை நான் இரண்டு பக்கத்தில் பிடுங்கி எங்கள் ஊராக ஆக்கியிருந்தேன். ஒரு கவிதை போய்விட்டது என்றால் கூடப் பரவாயில்லை. இனி நீங்கள் எழுதவே மாட்டீர்களோ என்ற பயம் வந்தது. சாப்பிட்டு முடித்த பிறகு, பத்திரிகையில் உண்மையை எழுதட்டுமா என்று கேட்டேன். பெயர் வேண்டாம், மற்றபடி உன் இஷ்டம் என்றீர்கள்.

யாரோ மறுபடி படிக்க வாங்கிப்போயிருந்த அந்த இதழைத் தேடி அன்றைக்கே மழையில் அலைந்தேன். கடைசியில் கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில், ஊறுகாய் ஜாடிக்கு மேல் மூடியாகக் கிடந்தது. பின்பக்கத்து வெற்றுத் தாளில் எழுதினேன். ‘என் ஆய்வு பிழை. இவர் நம் ஊரை நினைத்து ஏங்கவில்லை. நம் ஊருக்கு வந்துவிட்டதால் ஏங்குகிறார். இவர் இழந்தது பர்மா. அது இவருடைய சொந்த ஊர்.’ இதழை மறுபடியும் சுற்றுக்கு விட்டேன். உங்களை நன்றி கெட்டவள் என்று யாராவது எழுதிவிடுவார்களோ என்று பயந்தேன். யார் அந்தச் சகோதரி என்று கண்டுபிடிக்க இனி யாருக்கும் ஒரு நிமிடம் போதுமே.

மாத முடிவில் இதழ் வந்தது. எட்டுப் பக்கமும் நிரம்பியிருந்தது. நம் பெண்களுக்கு எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். ஒருவர் எழுதியிருந்தார்: ‘என்னை அன்னவாசலில் இருந்து இங்கிட்டுக் கட்டிக்குடுத்து இருவது வருசம். இன்னும் எங்க ஊர் கெணத்துத் தண்ணி நாக்குல நிக்குது.’ இன்னொருவர்: ‘எனக்கு நார்த்தாமலை. பஸ்ஸில போனா மலை தெரியுற வரைக்கும் கண்ண மூட மாட்டேன்.’ இப்படியே பக்கம் பக்கமாக. யாரும் உங்களைக் குறை சொல்லவில்லை. கல்யாணமாகாத எனக்கு மட்டும்தான் அந்தக் கவிதை புரியாமல் போயிருக்கிறது. மற்றவர்களுக்குப் பர்மா என்று தெரிந்தது போதும், மீதியை அவர்களே படித்துவிட்டார்கள். என் திறனாய்வைவிட அது ஆயிரம் மடங்கு நல்ல திறனாய்வு.

அதைக் கொண்டுவந்து உங்கள் மெஷின் மேல் வைத்தேன். எழுத்தெழுத்தாக வாசித்தீர்கள். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை, அப்படியே வழிய விட்டீர்கள். பிறகு என் பேனாவை வாங்கி, இதழை முன்பக்கம் திருப்பி, நான் எழுதிய அந்தக் கைதட்டல் வரிக்குப் பக்கத்தில் ஏதோ எழுதினீர்கள். அடுத்த மாதம் டின்னில் உங்கள் பெயர் போட்டே ஒரு கவிதை இருந்தது. அதற்கப்புறம் எத்தனை!

பின்னால் என்னையும் வெளியூரில் கட்டிக்கொடுத்தார்கள். நீங்கள் மூட்டை மூட்டையாக அறிவுரை சொல்லவில்லை. ஒரு படி கவுனி அரிசியும் அந்த இதழும் கொடுத்து அனுப்பினீர்கள். போன ஊரில் பள்ளி ஆசிரியையாகி, இத்தனை வருடத்தில் எத்தனையோ கவிதைகளை நடத்திவிட்டேன். வரியில் ஒரு ஆறு வந்தால் முதலில் வாயை மூடிக்கொள்கிறேன். எந்த ஆறு என்று எழுதியவரைக் கேட்கிறேன்.

மருமகளுக்குத் தட்டில் போட்டேன். எள்ளும் உப்பும்தான், உங்கள் கணக்கு. அவளுக்கும் ஊர் தூரம். உங்கள் ஊர்க் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் அவள் தன் ஊர்க் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு பீரோவிலிருந்து இதழை எடுத்துக் காட்டினேன். ‘வெள்ளாற்றில் படகு ஏது?’ என்று பெரிதாக என் முத்தான எழுத்து. பக்கத்தில் சிறியதாக, சாய்ந்து, உங்கள் எழுத்து:

‘இருக்கு தங்கச்சி. நான் தினமும் போறேன்.’