நார்த்தங்காயும் இரண்டு மருந்தும்

ஏங்க,

ஊசியும் மாத்திரையும் சொன்ன அளவில்தான் தருகிறேன். பிறகு ஏன் மாத்திரை ரத்தத்தில் தேங்கி, வெள்ளை அணுக்கள் சரிகின்றன? டாக்டருக்கும் புரியவில்லை. ஒரு மருந்துக்கு அடங்காத ரத்தப் புற்று என்றுதான், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் சோதனையில் உங்களைச் சேர்த்தார்கள். காரணம் தெரியாவிட்டால் நீக்கிவிடுவார்களாம்.

காலையில் விதைநெல் மூட்டையை நகர்த்தினேன். பின்னால் நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி, பாதி காலி!

"ரசஞ்சோறு தவிர எதுவும் தொடலைங்க டாக்டர்" என்றீர்களே. பக்கத்தில் நின்று தலையாட்டியவள் நான். வெட்கமாக இல்லையா?

டாக்டர் ஊறுகாய் வேண்டாம் என்றது கிருமிக்குப் பயந்து என்றுதான் நானும் நினைத்தேன். நர்ஸிடம் போனில் கேட்டேன். வயலில் பாய்கிற தண்ணீர் வடிகாலில் வடிய வேண்டும் இல்லையா? மாத்திரைக்கு ஈரல்தான் வடிகால். நார்த்தங்காய் அதை அடைத்துவிடுகிறது. விழுங்கியது ஒன்றானாலும் உள்ளே மூன்றாக நிற்கும். தேங்கிய தண்ணீரில் நாற்று அழுகுவது உங்களுக்கா தெரியாது?

டாக்டரிடம் நேரில் சொல்லத் தஞ்சாவூர் போகிறேன். எழுப்பினால் கத்திவிடுவேன், அதனால் எழுப்பவில்லை.

ஆனந்தவல்லி

வலங்கைமானிலிருந்து உங்கள் அக்கா வருவார். இன்னொரு ஜாடி கொண்டுவந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

நாக்கு செத்துப்போச்சு என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மணத்தக்காளி வற்றல் வறுத்து மூடி வைத்திருக்கிறேன்.

டாக்டர் பேசும்வரை இன்றைய மாத்திரை வேண்டாம் என்றார் நர்ஸ். நார்த்தங்காயை நிறுத்தினால் ஈரல் தன் வேலையைச் செய்யும். மருந்தை மாற்ற வேண்டியதில்லை.