கண்ணும் ரசமட்டமும்

ஜூன் 2, செவ்வாய்

பேக்கரி வேலை இன்றைக்கு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. காரணம் என் மச்சினன்.

கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் வெள்ளை டைல்ஸ் எல்லாம் நேற்றே ஒட்டியாகிவிட்டது. அதற்கு மேலே, கண் உயரத்தில், நீளமாக ஒரே ஒரு நீல வரிசை. அதை அவனிடம் விட்டுவிட்டு வெளியே போனேன். மத்தியானம் வந்து, வழக்கம்போல இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் கோடு பார்த்தால், வரிசை நடுவில் தொப்பை போட்டு நிற்கிறது.

"என்னடா இது, வரிசை மாசமா இருக்கா?" என்றேன்.

மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து வரிசையின் மேல் வைத்தான். குமிழி நட்ட நடுவில் நின்றது.

"நீங்களே பாருங்க மாமா."

"ரசமட்டம் கெட்டுப்போச்சு."

"நேத்து வாங்கினது மாமா."

"அப்போ நேத்தே கெட்டுப்போயிருக்கும்."

தொழிலில் எனக்குப் பட்டப்பெயரே ரசமட்டம்தான். இடது கண் சின்ன வயதிலிருந்தே மங்கல். அதற்கும் சேர்த்து வலது கண் வேலை பார்த்திருக்கிறது. முன்னே பின்னே அது என்னை ஏமாற்றியதில்லை. ஒரு பிளாஸ்டிக் குச்சியா எனக்குப் பாடம் எடுப்பது? முழு வரிசையையும் பெயர்க்கச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 3, புதன்

நீல வரிசையை நானே ஒட்டினேன். நூல் கட்டவில்லை. ரசமட்டத்தைத் தொடவே இல்லை. ஒவ்வொரு டைல்ஸையும் கண்ணால் பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்கி உட்கார வைத்தேன். அழகென்றால் அப்படியொரு அழகு.

மச்சினன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கொத்துக்கரண்டியையும் ரப்பர் சுத்தியலையும் கழுவித் துடைத்துப் பையில் போட்டான்.

"இதுதான் நேருன்னா எனக்கு வேலை தெரியலன்னு அர்த்தம் மாமா. நான் வேற இடம் பாத்துக்கறேன்."

"தாராளமா போ," என்றேன். போய்விட்டான். ரசமட்டத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜூன் 5, வெள்ளி

அவன் வரவில்லை. வீட்டில் இவள் சாப்பாட்டுத் தட்டை டொக்கென்று வைக்கிறாள். அவளுடைய தம்பி ஆயிற்றே.

ஜூன் 8, திங்கள்

காலையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தால், குளியலறைக் கதவின் நிலை தொப்பை போட்டிருக்கிறது. தச்சர் அதை நிறுத்தும்போது நான்தான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். நேற்றுவரை நன்றாக இருந்த நிலை.

ஜன்னல் கம்பியைப் பார்த்தேன். அதுவும். தெருவில் இருக்கும் விளக்குக் கம்பம், அதுவும். வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தேன். எல்லாம் மங்கல், ஆனால் எல்லாம் நேர். மாற்றி மூடினேன். மறுபடி தொப்பை.

கோணல் சுவரில் இல்லை. என் கண்ணில் இருக்கிறது.

கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கண்ணும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு வேற என்ன தெரியும்? இன்னொருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கவா இவ்வளவு திமிரா இருந்தேன்?

ஜூன் 9, செவ்வாய்

இவளிடம் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "அப்போ என் தம்பி ஒட்டினது நேரா?"

அதன் பிறகுதான் அழுதாள். அழுதுகொண்டே போனை எடுத்து ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கினாள்.

ஜூன் 11, வியாழன்

கண் டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தார். கட்டம் கட்டமாகக் கோடு, நடுவில் ஒரு புள்ளி. சரியாகச் சொன்னால் ஒரு டைல்ஸ் சுவர். புள்ளியை மட்டும் பார்க்கச் சொன்னார். சுற்றிலும் கோடெல்லாம் நெளிந்தது.

"இதை ஒட்டினவனை வேலையை விட்டு அனுப்பிடுங்கம்மா," என்றேன்.

சிரித்தார். பிறகு ஒரு இயந்திரத்தில் தாடையை வைக்கச் சொல்லிக் கண்ணின் உள்ளே படம் எடுத்தார்கள். தொடவே இல்லை, ஒரு வெளிச்சம்தான். சுவரை வெட்டிக் காட்டியதுபோல விழித்திரை அடுக்கடுக்காகத் திரையில் வந்தது. நடுவில் ஒரு இடத்தில் மேல் அடுக்கு மேடாகத் தூக்கிக்கொண்டிருந்தது.

"பின்னால தேவையில்லாத மெல்லிய ரத்தக்குழாய்ங்க முளைச்சிருக்கு. அதுலேருந்து தண்ணி கசியுது. அதனால விழித்திரை தூக்குது, கோடெல்லாம் வளைஞ்சு தெரியுது. வயசானா சிலருக்கு வரும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. டைல்ஸுக்குப் பின்னால் குழாய் கசிந்தால் டைல்ஸ் தூக்கும். மேலே பூசி என்ன பயன், கசிவைத்தானே நிறுத்த வேண்டும்? அதையே கேட்டேன்.

"அதேதான். கசிவை நிறுத்த மருந்து இருக்கு. நான் படிக்கிற காலத்துல இந்த வியாதிக்குப் பெருசா ஒண்ணும் செய்ய முடியாது. பார்வை போறத வேடிக்கை பாத்துட்டு இருந்தோம். இப்ப அப்படி இல்ல. ஆனா மருந்தைக் கண்ணுக்குள்ள ஊசியா போடணும்."

"எதுக்குள்ள?"

"கண்ணுக்குள்ள."

இவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், நான் எழுந்து ஓடிவிடுவேன் என்று. சரியான கணிப்பு.

"முழுசா திரும்பிடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இருக்கறதைக் காப்பாத்தணும், அதுதான் முதல்ல. நல்லா திரும்பினவங்களும் நிறைய பேர் இருக்காங்க. நீங்க சீக்கிரமே வந்துட்டீங்க," என்றார்.

சீக்கிரமா? ஒரு மச்சினனைத் தொலைத்துவிட்டு அல்லவா வந்திருக்கிறேன்!

ஜூன் 12, வெள்ளி

ஊசி போட்டாயிற்று. இவ்வளவு பெரிய உடம்பு நடுங்கியதைப் பார்த்து நர்ஸுக்கே பாவமாகிவிட்டது. சொட்டு மருந்து விட்டு மரத்துப்போக வைத்தார்கள். இமையை விரித்துப் பிடிக்க ஏதோ மாட்டினார்கள். டாக்டர் "மேல பாருங்க" என்றார். லேசாக ஒரு அழுத்தம். "முடிஞ்சுது" என்றார். அவ்வளவுதானா? நேற்று ராத்திரி முழுக்க நான் பட்ட பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் வலித்திருக்கலாம்.

இப்போது கண்ணுக்குள் ஒரு சின்னக் கறுப்புக் குமிழி ஆடுகிறது. ஊசியோடு போன காற்றாம், ஓரிரு நாளில் போய்விடுமாம். ரசமட்டத்தை நம்பாதவனுக்கு அதன் குமிழியைக் கண்ணுக்குள்ளேயே வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஜூன் 25, வியாழன்

கதவு இன்னும் வளைந்துதான் இருக்கிறது. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 10, வெள்ளி

இரண்டாவது ஊசி. வாசலில் வண்டிச் சத்தம். மச்சினன்.

"அக்கா, மாமாவைக் கிளம்பச் சொல்லு," என்றான். நான் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"நான் கிளம்பிட்டேன்னு உன் தம்பிகிட்ட சொல்லு," என்றேன்.

"ரெண்டு பேரும் நாசமா போங்க," என்று சொல்லிவிட்டு இவள் உள்ளே போய்விட்டாள். சிரிப்பை அடக்கத்தான் போனாள், தெரியும்.

வழியில் பேக்கரியில் வண்டியை நிறுத்தினான். "நேரம் இருக்கு. டீ குடிக்கலாம்." பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு, "சுவர் எப்படி இருக்கு மாமா?" என்றான்.

இடது கண்ணை மூடி நீல வரிசையைப் பார்த்தேன். "நூல் பிடிச்ச மாதிரி இருக்கு," என்றேன். அவன் சர்க்கரை போடாத டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

பார்த்தாயா, கண் கெட்டாலும் கை கெடவில்லை என்று எனக்குள் ஒரு கர்வம். கதவு வளைகிறது, கம்பம் வளைகிறது, நான் ஒட்டியது மட்டும் எப்படி நேராகத் தெரிகிறது? இந்தக் கேள்வியை இன்றைக்கு நான் கேட்டுக்கொள்வதாக இல்லை.

ஆகஸ்ட் 7, வெள்ளி

மூன்றாவது ஊசி. நர்ஸ் என்னைப் பார்த்ததும், "வாங்க, இன்னிக்கு நடுங்கப் போறீங்களா?" என்கிறார். பழகிவிட்டது.

போகும் வழியில் அதே பேக்கரி, அதே டீ, அதே கேள்வி. "நேர்தான்..." என்று இழுத்தேன். "இங்க வெளிச்சம் சரியில்ல." மச்சினன் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும். முடியுமா தெரியவில்லை.

காலையில் குளியலறைக் கதவு நேராக நின்றது. நம்பவில்லை. தூங்கி எழுந்த கண் ஏதாவது சொல்லும். ஜன்னல் கம்பி, விளக்குக் கம்பம், எல்லாம் நேர். கம்பத்தின் நடுவில் மட்டும் பொடி நெளிவு ஒன்று, தேடினால்தான் தெரிகிறது. மச்சினன் வந்திருந்தான். "ரொட்டி வாங்கிட்டு வரலாம் வாடா," என்றேன்.

பேக்கரியில் நல்ல கூட்டம். இடது கண்ணை மூடிச் சுவரைப் பார்த்தேன்.

கோணல்! சாதாரணக் கோணலா? நடுவில் பள்ளம் விழுந்து, ஓரத்தில் ஏறி, என் நீல வரிசை தண்ணீர்ப் பாம்பு மாதிரி போகிறது. முதல் நாள் வேலைக்கு வந்தவன்கூட இப்படி ஒட்ட மாட்டான்.

"கோணல்டா!" என்று கத்திவிட்டேன். "நல்லா தெரியுதுடா! படு கேவலமா இருக்குடா!"

ரொட்டி வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். பேக்கரிக்காரம்மா கல்லாவை விட்டு எழுந்தார். "அப்பாடா! வர்றவங்ககிட்ட எல்லாம் அது டிசைன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது."

"ஏம்மா, முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"உங்க மச்சினர் விட்டாத்தானே. நீங்க ஒட்டின அன்னிக்குச் சாயந்தரமே வந்து, அடுத்த வாரம் மாத்தித் தர்றேன்னு சொன்னார். அப்புறம் உங்க கண்ணு விஷயம் தெரிஞ்சதும் ஓடி வந்து, 'இப்ப தொட வேணாம்மா, மாமாவே ஒருநாள் கோணல்னு சொல்லுவாரு, அதுவரைக்கும் இருக்கட்டும்'னு கெஞ்சினார்."

மச்சினன் ரொட்டி அலமாரிப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"அழறியாடா?"

"மாவு மாமா. கண்ணுல பட்டுடுச்சு."

"உனக்கும் ஒரு ஊசி போடச் சொல்றேன் இரு," என்றேன். இத்தனை பேர் முன்னால் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். என் தொழிலில் கோணலைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

செப்டம்பர் 4, வெள்ளி

திரையில் இந்த மாதப் படத்தையும் பழைய படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினார் டாக்டர். மேடு இறங்கிவிட்டது. கசிவு காய்ந்துவிட்டது. இன்றைக்கும் ஊசி உண்டு. ஆனால் அடுத்ததற்கு இன்னும் சில வாரம் தள்ளி வரலாமாம். போகப்போக இடைவெளியைக் கூட்டிப் பார்க்கலாமாம். இப்போது வரும் புது மருந்துகள் கூடுதல் நாள் தாங்குகின்றன என்றார். "ஆனா நல்லா தெரியுதுன்னு வராம இருந்துடாதீங்க."

"என் மச்சினன் விட மாட்டான்," என்றேன்.

செப்டம்பர் 6, ஞாயிறு

எங்கள் வேலைக்காகப் பேக்கரிக்கு இன்றைக்கு மட்டும் விடுமுறை. கதவைச் சாத்திக்கொண்டு நீல வரிசையைப் பெயர்த்தோம். மச்சினன் நூல் கட்டினான். நான் பசை பூசிக் கொடுக்க, அவன் ஒட்டினான். கடைசி டைல்ஸைத் தட்டி உட்கார வைத்துவிட்டு விலகி நின்றான்.

"பாருங்க மாமா."

இடது கண்ணை மூடிப் பார்த்தேன். நேராகத்தான் தெரிந்தது.

"எப்படி மாமா?"

"என்னை ஏன்டா கேக்கற? ரசமட்டத்தைக் கேளு."

பையிலிருந்து எடுத்து வைத்தான். குமிழி ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நட்ட நடுவில் நின்றது.

"நல்ல ரசமட்டமா இருக்கே. புதுசாடா?"

"இல்ல மாமா. அன்னிக்குக் கெட்டுப்போச்சே, அதுதான்."