ஆயுத பூஜையன்று எரிந்த ஊதா விளக்கு

தென்காசி,
12.6.2025

தம்பி பேச்சிராஜுக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம். சாரல் பட்டறை வாசல்வரை அடிக்கிறது. நீ போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம்.

லேத்தில் இரும்பைக் கடையும்போது சூடு தணிக்க ஓடும் கூலன்ட் நாலே நாளில் நாறி, தொட்ட கையெல்லாம் அரிக்கும். பால்போல் இருப்பதால் புற ஊதா ஒளி உள்ளே இறங்காது. அதைச் சாய்ந்த தகட்டில் மெல்லிசாக வழியவிட்டு, மேலே விளக்கை மாட்டிக் கிருமியைக் கொன்றவள் நான். காப்புரிமை கேட்டால், உன் கம்பெனி முந்திக்கொண்டதாம். கண்டுபிடித்தவர் என்று உன் பெயர்! ஏலே, வெட்கமாக இல்லையா உனக்கு?

மாரிச்செல்வி

சென்னை,
20.6.2025

அன்புள்ள அக்கா,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். உன்னைப் பற்றிப் பெருமையடிக்கத்தான் மேனேஜரிடம் சொன்னேன். "உங்க பேர்லயே போட்டுடலாம்" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆசைதான், வேறென்ன? எதிர்மனு மட்டும் போடாதே. அவர்களிடம் பெரிய வக்கீல்கள் இருக்கிறார்கள்.

உன் பேச்சிராஜ்

தென்காசி,
2.7.2025

தம்பிக்கு,

போட்டுவிட்டேன். அவர்கள் விண்ணப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, ஆயுத பூஜையன்று, எந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தெருவையே கூப்பிட்டு ஓட்டிக் காட்டினோமே, அன்று எடுத்த படம்தான் ஆதாரம். வக்கீல் முத்துலட்சுமி தலையில் அடித்துக்கொண்டார்: "மனுப் போடுததுக்கு முன்னாலயே ஊருக்கெல்லாம் காட்டிட்டியளே! ஊரு பாத்த பொருளுக்குக் காப்புரிமை கெடையாது. இதைக் கொடுத்தா அவங்களுக்கும் கிடைக்காது, ஒங்களுக்கும் கிடைக்காது."

பூஜையன்று எந்திரத்தைத் துணி போட்டு மூடவா முடியும்? கொடுத்துவிட்டேன். படத்தில் சுவிட்சைப் போடும் கை உன்னுடையது. முகம் தெரியவில்லை. யாரென்று நான் சொல்லவில்லை.

மாரிச்செல்வி

சென்னை,
15.7.2025

அக்கா,

நானே சொல்லிவிட்டேன். அந்தக் கை என்னுடையது, கண்டுபிடித்தது என் அக்கா என்று எழுதி, கையெழுத்திட்டு வக்கீலுக்கு அனுப்பியிருக்கிறேன். வேலை போய்விட்டது. உன் முகத்தில் விழிக்கத்தான் பயமாக இருக்கிறது.

பேச்சிராஜ்

தென்காசி,
9.2.2026

என் தம்பிக்கு,

காப்புரிமை அலுவலக உத்தரவு வந்துவிட்டது. அவர்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, இனி யாரும் செய்துகொள்ளலாம். ஒரு நாள் முழுக்க அழுதேன், பொய் சொல்லவில்லை. மறுநாள் கடையத்திலிருந்து முத்துச்செல்வம் அண்ணாச்சி வந்தார். "எங்க பட்டறைக்கும் ஒண்ணு வேணும் தாயி. பயலுவ கையெல்லாம் புண்ணாக் கெடக்கு" என்றார். எனக்கு வந்த பெருமையை என்னவென்று சொல்ல!

உடனே வரைபடம் போட்டுக் கொடுத்தேன். அடியில் கொட்டை எழுத்தில், 'செய்தவர்: மாரிச்செல்வி, தென்காசி.' உன் பெயரை அங்கே சேர்க்கவில்லை, சேர்க்கவும் மாட்டேன். அதற்குக் கீழே, 'சாட்சி: தம்பி பேச்சிராஜ்' என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட ஊருக்கு வா.

அக்கா