ஏழாம் படியில் பிடித்த கால்

அன்புச் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், அவளுக்கு முட்டிவலி குறைந்து என்னைத் திட்டுகிற தெம்பு திரும்பிவிட்டது, அதை வைத்துத்தான் சுகம் என்கிறேன். நீயும் உன் கால்களும் நலமா?

அடுத்த மாதம் மறுபடி அந்த நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப்போகிறாய், இந்தத் தடவையும் கடைசியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உட்கார நேர்ந்தால் இனி ஓட்டமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போன வாரம் ஒரு பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தேன், சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துக் காட்டுகிறேன் பேர்வழி என்று விடிந்ததிலிருந்து ஒரே மூச்சாக ரோலரை உருட்டியதில், பதினோரு மணிக்கு ஏணியின் ஏழாம் படியில் வலது கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. கூட வேலை பார்ப்பவர் தாங்கி இறக்கி, காலை நீட்டி, விரல்களை என் பக்கமாக வளைத்துப் பிடித்த பிறகுதான் விட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தபோது எதிரே மைதானத்து வேலி தெரிந்தது. நீ பள்ளியில் ஓடும்போது அப்படி ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு, பற சிட்டு, பற என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான்தானே. நூறு மீட்டருக்கு அது சரி. போன தடவை முதல் பத்து கிலோமீட்டரைப் பயிற்சியில் ஓடுவதைவிட ஆறு நிமிடம் முன்னதாக முடித்தேன் என்று எழுதியிருந்தாய், நானும் அதைத் தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். கால் பிடித்ததற்குத் தண்ணீரையும் உப்பையும் குற்றம் சொன்னோமே தவிர, ஆரம்பசூரத்தனத்தைக் கேட்க ஆளில்லை. அதைக் கற்றுக்கொடுத்தது நான், கண்ணு. தப்பு என்னுடையது.

அம்மாவின் முட்டியைப் பார்க்கும் பிசியோதெரபி டாக்டரிடமும் கேட்டேன். “களைச்ச சதைதாங்க முதல்ல பிடிக்கும், பழகின வேகத்துலயே கிளம்பச் சொல்லுங்க, அதுக்கு முன்னாடி நீளமா ஓடிப் பழகட்டும், தாகத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கட்டும், ரொம்ப வேர்த்தா உப்பும் சேரட்டும், புதுசா எதையும் அன்னிக்குப் பரீட்சை பண்ண வேணாம்” என்றார். இழுக்கிற மாதிரி இருந்தால் உடனே நின்று, காலை நீட்டிவிட்டுப் புறப்படு, நிற்பதில் வெட்கமில்லை.

நாங்கள் டிக்கெட் எடுத்துவிட்டோம். ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு நான் வரமாட்டேன், என் வாய்மேல் எனக்கே நம்பிக்கையில்லை. அதை ஒட்டப் பிளாஸ்திரி கொண்டுவருகிறேன் என்கிறாள் அம்மா. போன தடவை நீ உட்கார்ந்த முப்பத்தொன்பதாவது கிலோமீட்டரில் வேலியோரம் நிற்போம், எவ்வளவு மெதுவாக வந்தாலும் நிற்போம். நன்றாக இரு, நகத்தை வெட்டு, மறக்காமல் இதற்குப் பதில் எழுது: அந்த இடத்தில் மட்டும் ஒரே ஒரு தடவை, பற சிட்டு என்று கத்திக்கொள்ளட்டுமா?

ஆசிகளுடன்,
அதுவரை வாயை மூடியிருக்கும்
உன் அப்பா