கத்தி வைக்க வேண்டாம் என்ற ஒரு வரி

அன்புள்ள டாக்டர்,

என் மருமகள் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்க்கிறாள். நேற்று ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேஜைமேல் போட்டுவிட்டு, “மாமா, நீங்களே படிச்சுப் பாருங்க” என்று எரிச்சலோடு போய்விட்டாள். அவள் அனுப்பிய கட்டுரையை ஒரு மருத்துவ இதழ் திருப்பியிருக்கிறது. விஷயம் நன்றாயிருக்கிறதாம், ஆனால் வகை பொருந்தவில்லையாம். ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு விதி, கேஸ் ரிப்போர்ட்டுக்கு ஒரு விதி, ஆசிரியருக்குக் கடிதம் என்றால் வேறு விதி. படிக்கப் படிக்க எனக்குப் பழைய கோபமெல்லாம் திரும்பி வந்தது. அதில் பாதி இதழ்மேல், பாதி உங்கள்மேல்.

ஐம்பதுகளின் நடுவில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முடித்ததும், உங்களுக்கு டைப் அடித்துத் தர நான் நேரே உங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவேன். கடைசி நோயாளி போனபிறகு, ஊசி மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் டைப்ரைட்டரைத் திறந்து வைப்போம். ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் வந்து குவிகிற பேகம்பூர்த் தோல் மண்டிகளிலிருந்து உங்களிடம் வந்த ஆட்களைப் பற்றித்தான் பேச்சு. கழுத்திலோ கையிலோ பூச்சி கடித்தது போல ஒரு கொப்புளம் வரும். பிறகு நடுவில் கரிபோலக் கறுத்துப் பொருக்குக் கட்டும். சுற்றிலும் வீக்கம் இருக்கும், வலி மட்டும் இருக்காது. மாட்டுக்கு வரும் அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ் நோய்தான், பச்சைத் தோலைச் சுமக்கிற மனிதனுக்கும் தொற்றிவிடுகிறது என்று நீங்கள் எனக்கு விளக்கினீர்கள்.

அப்படிப்பட்ட ஒருவரை வெளியூரில் யாரோ ஒரு டாக்டர் வெறும் கட்டி என்று நினைத்துக் கீறிவிட்டார். விஷம் ரத்தத்தில் ஏறி, உங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அந்த ஆள் இறந்துபோனார். எந்த ஊர், எந்த டாக்டர் என்று கடைசிவரை நீங்கள் என்னிடம்கூடச் சொல்லவில்லை. “அவரு மேல தப்பு இல்ல வாத்தியாரே. தெரியாது, அம்புட்டுத்தேன். பென்சிலின் ஊசி போட்டா பொழச்சிக்கிருவான். கத்தி வச்சா ஆளு போயிருவான். இத எல்லா டாக்டருக்கும் தெரியப்படுத்தணும்” என்றீர்கள்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆனால் நீங்கள் எழுதியது என்ன? ‘ஆய்வுக் கட்டுரை’ என்று தலைப்பில் போட்டுவிட்டு, இறந்தவர் சாணார்பட்டிப் பக்கத்தில் எந்த ஊர், அவர் தகப்பனார் எப்படிப்பட்ட விவசாயி, கிணறு வற்றி எப்படித் தோல் மண்டிக்கு வேலைக்கு வந்தார் என்று பக்கம் பக்கமாக எழுதினீர்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். காய்ச்சல் என்று லீவு லெட்டர் எழுதுகிற பையன், ஊர்த் திருவிழாவுக்குக் கொட்டகை போட்டதிலிருந்து தொடங்குவானா? நீங்கள் அனுப்ப நினைத்த மருத்துவ இதழின் பின் அட்டையில் விதி தெளிவாக இருந்தது. ஆய்வுக் கட்டுரை என்றால் அட்டவணை வேண்டும், ஒரு சிகிச்சையோடு இன்னொரு சிகிச்சையை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும், முன்னால் எழுதியவர்களின் பட்டியல் வேண்டும். படித்துக் காட்டினேன். “ஒப்பிடுறதுன்னா என்ன வாத்தியாரே? பாதிப் பேரக் கீறிப் பாக்கச் சொல்றானா?” என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கட்டுரை திரும்பி வந்துவிட்டது.

அடுத்தது கேஸ் ரிப்போர்ட். ஒரே ஒரு நோயாளி, பரிசோதனைச் சான்று, பளபளப்புத் தாளில் ஒரு புகைப்படம், நோயாளியின் பெயர் தெரியக் கூடாது. அந்த நேரம் பார்த்து, தோல் சுமக்கிற காதர் பாய் கழுத்தில் அசல் கறுப்புப் புண்ணோடு வந்தார். புண்ணில் ஊறிய நீர் பரிசோதனைக்கு மதுரைக்குப் போய், கிருமி உண்டு என்று சான்றும் வந்தது. உங்களிடம் கேமரா இல்லை. முதல் நாளே ஊசியைப் போட்டு, “அந்தாக்குல நேரா ஸ்டூடியோவுக்குப் போயி ஒரு போட்டோ எடுத்துக்கிரும் பாய்” என்று அனுப்பிவைத்தீர்கள். எதற்கு என்று அவருக்கும் சொல்லவில்லை, ஸ்டூடியோக்காரருக்கும் சொல்லவில்லை.

படம் கைக்கு வர இரண்டு வாரமாயிற்று. பெருநாளுக்குத் தைத்த சட்டை, தலையில் தொப்பி, முகத்தில் பவுடர், பின்னால் வரைந்த மாளிகையும் நீரூற்றும். கழுத்து மட்டும் பளிங்கு போல இருந்தது.

நாம் இருவரும் ஸ்டூடியோவுக்கு ஓடினோம். ஸ்டூடியோக்காரருக்கு நம் கோபமே விளங்கவில்லை. “என்ன டாக்டர், அந்தப் புண்ண மறைக்க எம்புட்டு நேரம் ஆச்சு தெரியுமா? பாய் வீட்ல பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்குறாகளாம். தகப்பன் கழுத்துல இப்பிடிப் புண்ணோட இருந்தா நாலு பேரு என்ன நெனைப்பாக?” என்றார். நெகட்டிவிலேயே பென்சில் வைத்து மூடியிருந்தார். அதைத் துடைக்கப் போய் நெகட்டிவும் பாழாயிற்று. திரும்ப எடுக்கலாம் என்றால், உங்கள் ஊசி அதற்குள் வேலை செய்துவிட்டது. பொருக்கு உதிர்ந்து, காதர் பாய் சிரித்துக்கொண்டு வந்து இன்னொரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார். நோயாளி குணமானதற்காக ஒரு டாக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதோடு விட்டீர்களா? இருக்கிற படத்திலேயே பேனாவால் புண்ணை வரைந்துவிடலாம் என்றீர்கள். பொய்ச் சான்று என்று சொல்லி நான் பேனாவைப் பிடுங்கினேன். அப்படியானால் இந்த நோயைப் பற்றி இதுவரை வந்ததையெல்லாம் தொகுத்து ரிவ்யூ கட்டுரை எழுதுகிறேன் என்று கிளம்பினீர்கள். அதற்கு இதழே அழைக்க வேண்டும் என்று விதி. “கல்யாண வீட்டுக்குத்தேன் அழைப்பு வேணும். படிச்சதச் சொல்றதுக்கு என்ன அழைப்பு?” என்று மேஜையைத் தட்டினீர்கள். உங்களோடு மாரடித்ததற்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பைக் கூடுதலாக மேய்த்திருக்கலாம்.

மிச்சமிருந்தது ஆசிரியருக்குக் கடிதம். படம் கூடாது, அட்டவணை கூடாது, கால் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நான் வரிகளை அடித்துத் தள்ளத் தள்ள, நீங்கள் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் துக்கம் கொண்டாடினீர்கள். கிணறு போயிற்று, தகப்பனார் போனார், சாணார்பட்டியும் போயிற்று. “கத்தி வைக்காதீகன்னு நான் எழுதுனா, நீரு எனக்கே கத்தி வைக்கிறீரே” என்றீர்கள். கடைசியில் நோயின் அடையாளம், ஊசியின் பெயர், கத்தி வைக்க வேண்டாம் என்ற வரி ஆகிய மூன்றுதான் நின்றன.

ஓர் இருமல் மருந்து விளம்பரத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் அது வெளிவந்தது. கடுகளவு போட்டிருக்கிறான் என்று இதழையே தூக்கி எறிந்தீர்கள். சில மாதம் கழித்து, வடக்கே தோல் பதனிடுகிற ஊர் ஒன்றிலிருந்து முன்பின் தெரியாத ஒரு டாக்டர் கார்டு போட்டிருந்தார். ஒருவர் கன்னத்தில் இருந்த புண்ணைக் கீறக் கத்தியைக் கொதிக்க வைத்துவிட்டாராம். உங்கள் கடிதம் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டாராம். ஊசி போட்டதில் ஆள் நலம். நீங்கள் கார்டை இரண்டு முறை படித்தீர்கள். பிறகு, “ஒரு ஆளு வாத்தியாரே” என்று மட்டும் சொன்னீர்கள். நான் உங்கள்மேல் கோபப்படாமல் வீட்டுக்குப் போன மாலைகளில் அது ஒன்று.

அறுபதுகளின் கடைசியில், சொல்லாமல் கொள்ளாமல் நீங்கள் போய்விட்டீர்கள். அந்த இதழில் இரங்கல் குறிப்புக்கும் ஓர் அளவு உண்டு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உங்கள் வீட்டில் என்னையே எழுதச் சொன்னார்கள். இத்தனை வருஷம் உங்களைச் சுருக்கச் சொன்னவன், இப்போது ஒரு பத்தியில் உங்களையே சுருக்க வேண்டியதாயிற்று. பட்டங்களை விட்டேன், பதவிகளை விட்டேன். தோல் மண்டித் தொழிலாளருக்கு வரும் கறுப்புப் புண்ணில் கத்தி வைக்க வேண்டாம் என்று மற்ற மருத்துவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் என்று ஒரு வரியை மட்டும் கவனமாக வைத்தேன்.

அச்சில் பார்த்தால் பட்டங்கள் எல்லாம் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருந்தன. அந்த வரியைக் காணோம். கேட்டு எழுதினேன். இரங்கல் குறிப்பில் சிகிச்சைக் கருத்துக்கு இடமில்லை, வேண்டுமானால் ஆசிரியருக்குக் கடிதமாக அனுப்பலாம், ஆனால் ஒரு மருத்துவர் கையெழுத்திட வேண்டும் என்று பதில் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை உங்களிடம் சொல்ல முடியாமல் போனதே என்பதுதான் பெரிய ஆத்திரம்.

எந்த வகையிலும் சேராமல் அந்த வரி என்னிடமே தங்கிவிட்டது, டாக்டர். பஸ்ஸிலோ டீக்கடையிலோ யார் கழுத்திலாவது கறுப்பாகப் பொருக்கைக் கண்டால் என்னால் சும்மா போக முடிவதில்லை. தோல் வேலையா, ஆடு மாடு உண்டா என்று கேட்டுவிட்டு, கிள்ளாதீர்கள், கீறவும் விடாதீர்கள், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம்கூட நத்தம் பஸ்ஸில் நான் அப்படிச் சொன்ன ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, “நீங்க டாக்டருங்களா ஐயா?” என்றார். இல்லை, வாத்தியார் என்றேன். வாத்தியார் சொன்ன வைத்தியத்தை அவர் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்.