வேலியோரம் ஒரு பட்டை

அன்பு மகள் லாரிசாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் தோளைத் தவிர. அந்தத் தோளும் முக்கால்வாசி ஆறிவிட்டது, மீதி வலியெல்லாம் இப்போது அவர் வாயில்தான் இருக்கிறது. நியூசிலாந்தில் குளிர் பிடித்துவிட்டதாமே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. எங்களுக்கு இங்கே பொழுது சாயவே மாட்டேன் என்கிறது, சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிய பிறகும் முற்றத்தில் வெளிச்சம். போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்துவார், அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தார் என்று உனக்குத் தெரியும். விதைக்கிற வேலையை உன் சித்தப்பா வந்து முடித்துக்கொடுத்தார். அதோடு பக்கத்து நிலத்து வெர்ன் வந்து, அடுத்த வருஷத்திலிருந்து நம் நிலத்தைக் குத்தகைக்கு விடுங்கள், உங்களுக்கும் வயசாகிறதே என்று தேன் தடவிப் பேசிவிட்டுப் போனார். அப்பா உடனே மறுக்கவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டில் என்னைப் பார்த்து, "ஸ்டெஃபா, வடக்கு வயலுக்கு இந்தத் தடவை நீதான் மருந்தடிக்கணும். சுத்தமா வந்துச்சுன்னா நாமளே வெச்சுக்குவோம். களை மண்டிச்சுன்னா வெர்ன்கிட்ட கொடுத்துடறேன்" என்றார். இத்தனை காலம் லாரி ஓட்டினேன், அறுவடை இயந்திரம் ஓட்டினேன், மருந்தடிக்கும் வண்டியை மட்டும் அந்த மனுஷன் என்னைத் தொடவிட்டதில்லை. நிலம் கையை விட்டுப் போனால் நான் என்னடி செய்வேன், ஜன்னலோரம் உட்கார்ந்து வெர்ன் உழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேனா?

இந்த வருஷம் எண்ணெய்க்குப் போடுகிற கனோலாவின் விதையை மாற்றினோம். பழைய களைமருந்து களையின் இலையில் பட்டால் வேர்வரை இறங்கும், அதை அப்பா காற்று அடங்கின சாயங்காலத்தில் கொஞ்சம் தண்ணீரில் கலந்து, வண்டியை விரட்டிக்கொண்டு அடித்துவிட்டு வருவார். இந்தப் புது விதை தாங்குகிற மருந்து அப்படியில்லை. பட்ட இடத்தை மட்டும்தான் கருக்கும், படாத இலை சிரித்துக்கொண்டு நிற்கும். களை சின்னதாக இருக்கும்போதே அடிக்க வேண்டும், தண்ணீர் தாராளமாக வேண்டும், வண்டி மெதுவாகப் போக வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே நல்ல வெயில் வேண்டும். நான் தொட்டியை நிரப்புவதைப் பார்த்து அப்பா, "இவ்வளவு தண்ணியா? வயலைக் குளிப்பாட்டப் போறியா?" என்று கத்தினார். "ஆமா, முகம் மட்டும் கழுவினா போதாது" என்றேன். மருந்து தெளிக்கும் நாசில் முனைகளையும் மாற்றினேன், பெரிய பெரிய சொட்டாக விழுந்தால் இலை பாதி நனைந்தும் நனையாமலும் போய்விடும். ரொம்பப் பொடியாக விழுந்தாலும் வம்பு, காற்று தூக்கிக்கொண்டு போகும்.

பனி உலர்ந்ததும் இறங்கினேன். வயல் முழுக்க நன்றாகப் போயிற்று, கிழக்கு வேலி நெருங்கும்போது காற்று திரும்பி வெர்ன் பக்கமாக வீசத் தொடங்கியது. வேலிக்கு அந்தப் புறம் அவர் கனோலா. பார்க்க நம்முடையதைப்போலவே இருக்கும், ஆனால் அது பழைய மருந்துக்கான விதை, நம் மருந்து தூறினால் கருகிப்போகும். அதனால் வேலியோரம் நீளமாக ஒரு பட்டையை அடிக்காமல் மிச்சம் வைத்துவிட்டு வண்டியைக் கொட்டகையில் நிறுத்தினேன். மறுநாளும் அதே காற்று. அன்று நான் கோயில் கூடத்துக்குப் போயிருந்தேன், உன் சிநேகிதி ஓக்சானாவின் கல்யாணத்துக்குப் பெரோகிக் கொழுக்கட்டை பிடிக்க. உருளைக்கிழங்கு அடைத்து அடைத்து விரல் மரத்துப்போயிற்று. வீடு திரும்பினால் கொட்டகையில் வண்டி நேராக நிற்கிறது, ஏறிப் பார்த்தால் இருக்கை பின்னால் தள்ளியிருக்கிறது. என் கால் பெடலுக்கு எட்டவில்லை! உள்ளே போனால் அப்பா முகமெல்லாம் பெருமை. "காத்து நின்னுச்சு, வேலியோரத்தை முடிச்சிட்டேன், உனக்கு ஒரு தொல்லை விட்டுச்சு" என்றார். ஒற்றைக் கையோடு, பொழுது இறங்கின நேரத்தில், தன் பழைய வேகத்தில்! நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், இங்கே எழுத முடியாது. மனுஷன் எனக்கு உதவத்தான் செய்தார் என்பதும் தெரியும், அதுதான் இன்னும் எரிச்சல்.

சில நாளில் வயல் பேச ஆரம்பித்தது. நான் அடித்த இடத்தில் களை பழுத்துச் சுருண்டு கிடந்தது. வேலியோரத்தில் மட்டும் மேலிலை பொத்தல் பொத்தலாகக் கருகி, அடியில் ஒட்டுக்கொடிக் களை பச்சைப்பசேலென்று கனோலாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறுகிறது. அதுவும் ரோட்டிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுகிற இடம். ஞாயிற்றுக்கிழமை வெர்ன் வந்தார், காப்பி கொடுத்தேன், சாஸ்கட்டூன் பழம் அடைத்துச் சுட்ட பலகாரம் வைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் அப்பாவிடம், "வேலியோரத்துல அம்மணிக்குக் கொஞ்சம் கை தடுமாறிடுச்சு போலிருக்கு. முதல் தடவை அப்படித்தான் நெஸ்டர், அதுக்குத்தான் குத்தகை சொன்னேன்" என்றார். நான் கத்தியைக் கையில் பிடித்தபடி நின்றேன். அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது, லாரிசா, நிஜமாகவே பயமாக இருந்தது. இந்த ஜில்லாவில் அவர் மருந்தடிப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

அப்பா வாயிலிருந்த பலகாரத்தை மென்று விழுங்கினார். பிறகு, "அந்தப் பட்டை நான் அடிச்சது, வெர்ன். மீதி வயல் பூரா அவ அடிச்சது. நல்லாப் பார்த்துட்டுப் போ. குத்தகைப் பேச்சு வேணாம்" என்றார். வெர்ன் இருமினார், இன்னொரு துண்டு பலகாரம் கேட்டார். நான் கொடுத்தேன், பெரிய துண்டாகவே.

மறுநாள் உச்சிவெயில், காற்று கிழக்கேயிருந்து நம் வயல் பக்கமாகத் திரும்பியிருந்தது. கனோலா இன்னும் தண்டுவிட்டு எழும்பவில்லை, இரண்டாவது தடவை அடிக்க நேரம் இருந்தது. அப்பா தண்ணீர் லாரியை வேலி முனைக்குக் கொண்டுவந்து நிறுத்தி, தொட்டி வழிகிற வரைக்கும் ஊற்றினார். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். இருக்கை முன்னால் தள்ளி, என் கால் எட்டுகிற இடத்தில் இருந்தது. நான் தள்ளவில்லை.

ஓக்சானாவின் கல்யாணப் படங்களை உன் அண்ணன் அனுப்புவான். நீ சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. அறுவடைக்கு வர முடிந்தால் வா, முடியாவிட்டால் பூ பூக்கும்போது படம் எடுத்து அனுப்புகிறேன், வேலியோரத்திலிருந்தே எடுக்கிறேன். கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
ஸ்டெஃபானியா